சில செக்கன் பிந்தி

கொச்சிக்கடையில் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டதாக ஒஸ்வால்ட் போனில் சொன்ன பிறகும், அங்கிருந்து தகவல் வருவதைக் காட்டும் பச்சை விளக்கு வெள்ளவத்தையில் சிமிட்டிக்கொண்டேயிருந்தது.

"நல்லாப் பாத்தீங்களா? இங்க இன்னும் வந்துகொண்டிருக்கு," என்றாள் ஐறீன்.

"கீழ் அறைக்குள்ள முழங்கால் மட்டத்துக்கு மழைத்தண்ணி. கரண்டை நான்தான் நிப்பாட்டினனான். எல்லாரையும் அனுப்பிப்போட்டு நான் இப்ப ரோட்டில நிக்கிறன்."

கணவனும் மனைவியும் ஒரே காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்தார்கள். அவன் கொச்சிக்கடையில், துறைமுக மதிலோரம் இருந்த தலைமை அலுவலகத்தில். அவள் காலி வீதிக்கு மேலே, இந்த மூன்றாம் மாடியில். கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த வருடம், கட்டிடமே போனாலும் தகவல் போகக்கூடாது என்று நிருவாகம் இங்கே இரண்டாவது கணினி இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தது. அங்கே பதிவாகும் ஒவ்வொன்றும் கேபிள் வழியே வந்து, சில செக்கன் பிந்தி, இங்கேயும் பதிவாகும். எத்தனை செக்கன் என்பதைத் திரை காட்டும். இப்போது ஒன்பது.

அணைந்து கிடக்கும் இயந்திரம் எதை அனுப்புகிறது?

போனில் ஒஸ்வால்ட் இருமினான். இரண்டு தடவை, கரகரவென்று. இங்கே மற்றவர்கள் ஐந்து மணிக்கே போய்விட்டிருந்தார்கள். வீதியில் ஆமியின் செக்கிங் தொடங்குமுன் வீடு சேர வேண்டும் எல்லோருக்கும். யன்னலில் மழை வழிந்த சத்தமும், ஏசி இயந்திரத்தின் ஓயாத இரைச்சலும், கீழே பஸ்களின் ஹோர்ணும் தவிர மாடியில் வேறு ஓசையில்லை. அப்போது, கண்ணாடிச் சுவருக்கு அப்பால், இயந்திர அறைக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள்.

இரண்டு தடவை. கரகரவென்று.

பிறகுதான் மணம் வந்தது. டீசலும் ஊறிய கயிறும் கருவாடும் கலந்த துறைமுக மணம், கதவின் கீழிடுக்கால் மெல்ல ஊர்ந்து வந்து அவள் கால்விரல்களைக் குளிரவைத்தது போலிருந்தது. அவள் தலையைத் திருப்ப விரும்பவில்லை. திருப்பினாள்.

இயந்திர வரிசைகளுக்கு நடுவில் ஒஸ்வால்ட் நின்றான்.

காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முழங்கால்வரை சேறு. வலது கையை மடக்கிக் காதோடு வைத்திருந்தான். அந்தக் கைக்குள் எதுவும் இல்லை.

"ஐறீன்? என்ன சத்தத்தைக் காணேல்ல?" என்றது போன்.

கண்ணாடிக்குள் உதடுகள் அசையவில்லை. அவள் செக்கன்களை எண்ணினாள். பிறகு அசைந்தன. *ஐறீன். என்ன சத்தத்தைக் காணேல்ல.*

திரையில் ஆறு.

"ஒஸ்வால்ட், நீங்க எங்க நிக்கிறீங்க?"

"சொன்னனே, அந்தோனியார் கோயிலுக்குப் பக்கத்தில. பஸ்சுக்கு நிக்கிறன். ஏன் உமக்குக் குரல் நடுங்குது?"

உதடுகள் இம்முறை விரைவாகவே அசைந்தன. நான்கு. மூன்று. அவன் தும்மினான், அதுவும் தும்மியது. அதன் கண்கள் மட்டும் எதையும் பின்பற்றவில்லை. அவை அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

கேபிள் அவள் மேசைக்குப் பின்னால் சுவரில் செருகியிருந்தது. ஐறீன் இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். நகம் பிய்ந்தது. கேபிள் கழன்றது. பச்சை விளக்கு அணைந்தது.

அது போகவில்லை.

திரையில் எண் மறைந்து ஒரு புதிய வரி வந்தது. பயிற்சியில் பல தடவை பார்த்த வரி. தொடர்பு அறுந்தால் இந்த இயந்திரம் மற்றதற்காகக் காத்திராது. இனி இதுதான் அசல்; மற்றது நகல்.

கண்ணாடிக்குள் அது சிரித்தது.

போனில் மழை மட்டும். பிறகு ஒஸ்வால்ட் சிரித்தான். "இஞ்ச ஒரு பெடியன் குடையோட படுற பாட்டைப் பாக்கோணும்."

அது கையை உயர்த்தி எதையோ மறித்தது.

"ஆ, பஸ் வருது."

"ஏறாதீங்க! ஒஸ்வால்ட், ஏறாதீங்க!"

அது காலைத் தூக்கி, இல்லாத படியில் வைத்தது. இல்லாத கம்பியைப் பிடித்தது.

"கேக்கேல்ல, ஐறீன். ஒரே சனம். பொறும்…"

"இறங்குங்க! இறங்கி ஓடுங்க!"

அது வலப்பக்கம் திரும்பியது. விளக்கே இல்லாத திசையிலிருந்து அதன் கன்னத்தில் வெள்ளை வெளிச்சம் வெடித்தது. வாய் திறந்தது. சத்தமில்லை. நீலச் சட்டை தோளிலிருந்து கருகிச் சுருண்டது. பிறகு தோள். பிறகு முகத்தின் பாதி.

"கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்த!" கொண்டக்டரின் குரல் போனில் தெளிவாகக் கேட்டது. மணி அடித்தது. பஸ் நகர்ந்தது.

"ஏறிட்டன்," என்றான் ஒஸ்வால்ட். "இப்ப சொல்லும், என்ன கத்தினனீர்?"

கண்ணாடியில் புகை படிந்தது. புகைக்குள், எஞ்சிய ஒற்றைக் கண் ஐறீனைப் பார்த்தபடி, வெறுங்கையை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டு அது எரிந்துகொண்டிருந்தது.