கட்டைவிரல் கம்பி

விற்பனைக்கென்று விளம்பரம் போட்டு நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தபோது, பூட்டிய பெட்டிக்குள் இருந்த பான்ஜோ ஒரு முறை ஒலித்தது.

பிற்பகல் இரண்டே முக்கால். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சமையலறையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தாள். ஜன்னல் கம்பியிலிருந்து சொட்டும் நீர், ஃப்ரிட்ஜின் முனகல், மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து ஒதுக்கினாள். எதிலும் சேராமல் அது மட்டும் மிஞ்சியது. 'டொக்' என்று ஒன்று. மரத்தை விரல் முட்டியால் தட்டினாற்போல.

அவள் அறிவியல் படித்தவள். கம்பி வாத்தியம்தான் என்றாலும் பழைய பான்ஜோவின் முகம் தோல். மழைக்காலத்தில் ஈரம் குடித்துத் தளரும். கம்பியின் இறுக்கம் மாறும். கம்பியை இழுத்துப் பிடிக்கும் முளை கொஞ்சம் நழுவினால் கம்பி தானாகவே ஒரு சத்தம் போடலாம். விளக்கம் சரியாகத்தான் இருந்தது. சத்தம்தான் சரியாக இல்லை. கணீரென்று கேட்க வேண்டிய கம்பி அது. பெட்டிக்குள் இருக்கிறது, அதனால்தான் மங்கிக் கேட்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கழுவிய தம்ளரையே மறுபடியும் கழுவினாள்.

பான்ஜோ அவளுடைய அண்ணனுடையது. அவனைவிட வயதில் மூத்தது. ஐந்து கம்பிகளில் நான்கு தலையிலிருந்து இறங்கும். ஐந்தாவது மட்டும் குட்டை. கழுத்தின் நடுவில் தனி முளையிலிருந்து தொடங்கும். கட்டைவிரலுக்கென்றே உள்ள கம்பி. முதுகில் நான்கு திருகுகளில் ஒரு மரக்கிண்ணம் மூடியிருக்கும். சத்தத்தைப் பின்னால் விடாமல் பிடித்து முன்பக்கமாகத் தள்ளுவது அந்தக் கிண்ணம்தான்.

நரம்பு நோய் அண்ணனின் கால்களை முதலில் எடுத்துக்கொண்டது. பிறகு கைகளை. பிறகு பேச்சை. கடைசியில் வலது கட்டைவிரல் மட்டும் அவன் சொன்னதைக் கேட்டது. பேச்சு முழுதாகப் போவதற்கு முன்பு, கூப்பிட ஒரு மணி வாங்கி வைக்கலாமென்று அண்ணி சொன்னபோது அவன் குழறிக் குழறிச் சொன்னான்: "வேணாம். மணியடிச்சா நான் மேனேஜர் ஆயிடுவேன், எலி பியூன் ஆயிடுவா."

எலி என்பது அவளுக்கு அவன் வைத்த பெயர். நீ நடந்தா உனக்கே கேக்காது என்பான்.

அதனால் கட்டிலில் அவன் கையருகே பான்ஜோ கிடந்தது. ஒரு முறை தட்டினால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று என்றால் மூச்சு. மூன்றுக்கு எங்கிருந்தாலும் ஓட வேண்டும்; கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, தொண்டையில் சேர்ந்ததைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். அண்ணிக்கு மருந்துக் கடையில் காலை முதல் இரவு வரை வேலை. பகல் முழுக்க அண்ணன் எலியின் பொறுப்பு. இரவில் அவள் வீட்டிலிருந்தபடியே ஒரு பரிசோதனைக் கூடத்தின் அறிக்கைகளைச் சரிபார்த்தாள், விடிகாலை நான்கு வரை. தூக்கம் என்பது அவளுக்கு ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவில் கிடைப்பது.

இருபத்தாறு நாளுக்கு முன், ஒரு பிற்பகலில், இரண்டே முக்கால் வாக்கில், அவன் போனான்.

"தூங்குனபடியே போயிட்டான். கூப்பிடவே இல்ல." டாக்டரிடமும் அண்ணியிடமும் வந்தவர்களிடமும் அவள் இதையே சொன்னாள், ஓர் எழுத்து மாறாமல். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா அவரு இத்தனை நாள் இருந்திருக்கவே மாட்டாரு எலி" என்று அழுதாள். அந்தக் கையால் சோறு அள்ளித் தின்ன அவளுக்கு இன்னும் கூசியது. அண்ணிக்கு ஃபோன் செய்வதற்கு முன் பதினோரு நிமிடம் அவள் அண்ணனோடு தனியாக இருந்தாள். அந்தப் பதினோரு நிமிடத்தில் என்ன செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

விற்றுவிடலாமென்று ஆரம்பித்ததும் அவள்தான்.

சத்தம் கேட்ட அன்று இரவு, கடையிலிருந்து திரும்பிய அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஆறு துண்டு வாங்கினோமே, மஞ்சள் ஒண்ணைக் காணோம்."

"கிழிஞ்சிருச்சு அண்ணி. போட்டுட்டேன்."

"புதுசாச்சே. கிழியற அளவுக்கு அப்படி எதைத் தொடைச்ச? மலையையா?" அண்ணி சிரித்தாள். இருபத்தாறு நாளில் முதல் சிரிப்பு. எலியும் சிரித்துவைத்தாள். மஞ்சள் துண்டு பையோடு குப்பை வண்டியில் ஏறி, வண்டி தெருமுனை திரும்பும் வரை அவள் மொட்டைமாடியில் நின்று பார்த்திருந்தாள்.

"பான்ஜோவைக் கேட்டு யாராச்சும் பேசுனாங்களா?"

"ஒரு பஸ் டிரைவர். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வர்றாராம்."

"பின்பக்கத் திருகு இறுகிப்போச்சு, திறக்க முடியாதுன்னு போட்டிருக்கியே. நல்லாத்தானே இருந்துச்சு?"

"மழைக்கு அப்படி ஆயிருச்சு."

மறுநாள் அதே இரண்டே முக்காலுக்கு, இரண்டு முறை.

டொக். டொக்.

இந்த முறை அவள் கூடத்திலேயே இருந்தாள். பெட்டியின் மூடியில் ஓர் அசைவும் இல்லை. ஆனால் அறையில், அண்ணனின் மார்பில் தேய்த்துவந்த யூக்கலிப்டஸ் தைல வாசனை மெல்லப் பரவியது, நாள் கணக்கில் படுத்துக் கிடந்தவனின் விரிப்பிலிருந்து எழும் புளித்த வெப்பத்தோடு. பழகிப்போன கால்கள் அவளைக் கேட்காமலே நடந்தன. குனிந்து பெட்டியை இரு கைகளாலும் அணைத்து, தூக்கி, மறுபக்கமாகப் புரட்டி வைத்தாள். அது முன்பைவிடக் கனத்தது. ஓர் ஆளைப் புரட்டுவதுபோல, தோளை முதலில், இடுப்பைப் பிறகு.

சத்தம் நின்றது.

வாசனையும் போனது. என்ன செய்தோமென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் மோசம். இரண்டே முக்காலிலிருந்து ஐந்து வரை, வராத சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்குக் கடை விடுமுறை. பஸ் டிரைவர் அரை மணி நேரம் முன்னதாகவே வந்தார். பருத்த உருவம், மெல்லிய விரல்கள். "முப்பது வருஷமா நேரத்துக்கு முன்னாடி போய்த்தான் பழக்கம்மா. லேட்டா வந்தாதான் திட்டுவாங்கன்னு இல்ல, முன்னாடி வந்தாலும் திட்டுவாங்க" என்றபடி பெட்டியைத் திறந்து, பான்ஜோவை மடியில் வைத்து, கம்பிகளை வருடினார். முகம் சுருங்கியது.

"தோல் நல்லாத்தான் இருக்கு. ஆனா வாயைப் பொத்தி வெச்ச மாதிரில்ல பேசுது."

"பழசு சார். அப்படித்தான் இருக்கும்" என்றாள் எலி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"உள் வளையத்துல நம்பர் அடிச்சிருப்பாங்க. அதைப் பாக்காம எப்படிம்மா வாங்கறது?"

"திருகு வராது."

"பாப்பமே." பான்ஜோவைக் கவிழ்த்து முதல் திருகில் இரண்டு விரல் வைத்தார். அது சுழன்றது. "வெண்ணெய் மாதிரி வருதே."

அண்ணி எலியைப் பார்த்தாள்.

எலி திருகைப் பார்த்தாள். ஒரு திருகுக்கு ஆறு சுற்று. புடைவை மடிப்புக்குள் அவள் விரல்கள் தாமாக எண்ணின. நான்கு திருகு. இருபத்து நான்கு சுற்று. நிறுத்திவிட இருபத்து நான்கு வாய்ப்பு.

கிண்ணம் கழன்று வந்தது.

உள்ளே மஞ்சள்.

தோலுக்கும் நடுவிலிருந்த மரக்கட்டைக்கும் இடையே, இறுக்கமாக, அழுத்தி, திணித்து.

"அட, இதான் விஷயம்" என்றார் டிரைவர். "பழைய வித்தைதான். பக்கத்து வீட்டுல சண்டைக்கு வந்தா நாங்களும் இப்படித் துணி அடைச்சுத்தான் பழகுவோம். அப்புறம் அடிச்சாலும் ரூமைத் தாண்டாது." இழுத்தார். துண்டு நீளமாக வந்தது. அவர் கை நின்றது. "ஈரமா இருக்கே. சூடாவும் இருக்கு."

அண்ணி அதை வாங்கினாள். ஓரத் தையலைப் பார்த்தாள். "இதைப் போட்டுட்டேன்னு சொன்னியே."

போட்டாள். இந்தக் கையால்தான் உள்ளேயிருந்து இழுத்தாள். அந்தப் பதினோரு நிமிடத்தில். வண்டி போனது. தெருமுனை. பார்த்தாள்.

யூக்கலிப்டஸ்.

கடிகாரம். இரண்டே முக்கால்.

கம்பி அதிர்ந்தது. ஒன்று. முக்காடு விலகிய குரல்போலக் கணீரென்று.

டிரைவர் இரு கைகளையும் தூக்கிவிட்டார். "நான் தொடலைம்மா."

இரண்டு.

அண்ணி தலை நிமிர்த்தினாள்.

மூன்று.

துண்டைப் போட்டுவிட்டு அண்ணி ஓடினாள். பின்னறை வாசல் வரை ஓடி, கட்டில் எடுத்துவிட்ட வெறுந்தரையைப் பார்த்து நின்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பாமலே கேட்டாள்.

"எலி. மூணுன்னா மூச்சுல்ல?"

குட்டைக் கம்பி நிற்கவில்லை. மறுபடி மூன்று. மறுபடி மூன்று. அதன்மேல் யாருடைய விரலும் இல்லை. கம்பிக்கு நேர்கீழே தோல் மட்டும் உள்வாங்கியது, புடைத்தது, உள்வாங்கியது.

"அன்னிக்கும் மூணுதான் அண்ணி" என்றாள் எலி. முதல் முறையாக அவள் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "தூங்கணும்னு நான்தான் துண்டை வெச்சு அடைச்சேன். கதவைச் சாத்துனப்புறமும் மெல்லமா கேட்டுச்சு. எண்ணினேன். மூணு. எழுந்து போகல. துண்டை அடைக்கறப்ப, நாலு திருகையும் நான் கழட்டி மாட்டுற வரைக்கும் அவன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான்."