இருபத்தேழாவது ஜெயன்

“சேச்சி, ஜெயன் சேட்டன் இப்பத்தான் மேல ஏறிப் போனாரு. காலையில இருந்து இது நாலாவது தடவையாக்கும். ஆனா இறங்கி வர்றத நான் ஒரு தடவகூட கண்டில்ல, கேட்டோ.”

காவலாளி சஜி இதைச் சொன்னபோது சுமி வாசலில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தாள். கேலி பேசுகிறான் என்று நினைத்துச் சிரித்துவைத்தாள். ஹர்த்தால் நாள். பஸ்ஸும் இல்லை, ஆட்டோவும் இல்லை. ஆஸ்பத்திரி லேபில் காலை ஷிப்ட் முடிந்து, கழக்கூட்டம் வரை மழையிலேயே நடந்து வந்திருந்தாள். லாரிகள் உறுமிக்கொண்டே இருக்கும் நெடுஞ்சாலையில் இன்று தவளைச் சத்தம் கேட்டது. மணி மூன்றுதான். வானம் அந்தி போல இருண்டு கிடந்தது.

படியேறும்போது ஈரக் கால்தடங்களைப் பார்த்தாள். செருப்பில்லாத பாதங்கள். எல்லாம் மேல்நோக்கிப் போகிற தடங்கள். கீழ்நோக்கி ஒன்றுகூட இல்லை. முதல் மாடித் திருப்பத்தில் ஒரு தடம் மட்டும் செம்மண் நிறத்தில் இருந்தது. மண்ணாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் ஒரு வாசனை நின்றது. ஆறு வருடமாக ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள், குழாயின் மூடியைத் திறந்ததும் மேலே வருகிற அந்த இரும்பு வாசனையை மறந்துவிடுவாளா என்ன? அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளை வேகமாக ஏறினாள்.

வீட்டுக்குள் திரைச்சீலைகள் இழுத்துவிட்டபடியே கிடந்தன. படுக்கையறையிலிருந்து பழைய கால விளையாட்டுக்களின் அந்தக் கீச்சு மெட்டு, ஒரே எட்டு சுரம், திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஜெயன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். விற்பனைக்கு வருமுன் வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடித்துச் சொல்வது அவன் வேலை. கல்யாணமான இரண்டு வருடத்தில் அவன் இப்படி ஒரு விளையாட்டில் மூழ்கி அவள் கண்டதில்லை. நாலு நாளாக இதுதான். சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன ஆட்கள், கட்டம் கட்டமாகத் தெறிக்கும் ரத்தம். தொடங்கும்போதே அந்த விளையாட்டு கேமரா வழியாக அவன் முகத்தைப் பிடித்து அந்தக் குட்டி ஆளுக்கு ஒட்டியிருந்தது. ஒருவனுக்கு ஒரே உயிர். செத்தால் செத்ததுதான். அவன் கிடந்த இடத்திலேயே கிடப்பான். அடுத்தவனைப் புதிதாக இறக்க வேண்டும்.

“இது எத்தனாவது ஆளு?”

“இருபத்தாறு.” அவன் திரும்பவில்லை. “இவனக் கொண்டு கடைசி ரூமு வரைக்கும் எப்பிடியும் போயிருவேன் சுமி.”

“சோறு தின்னீங்களா?”

“ம்.”

“இந்த மழையில எதுக்குக் கீழ போனீங்க?”

“நானா? காலையில வெளுத்ததுல இருந்து இந்தக் கசேரிய விட்டு எழும்பல்லயே.”

அவன் கால்கள் மேசைக்கடியில் உலர்ந்து வெளுத்திருந்தன. சுமி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். திரையில் குட்டி ஜெயன் கையில் வெட்டுக்கத்தியோடு ஒரு குறுகிய அறைக்குள் நுழைந்தான். சுவரிலிருந்து ஒரு ஈட்டி பாய்ந்து அவன் தொண்டையில் இறங்கியது. சிவப்புக் கட்டங்கள் சிதறின. மெட்டு இறங்கி இறங்கி ஓய்ந்தது.

அதே நொடியில் குளியலறைக்குள் ஏதோ விழுந்தது. கனமாக. பிறகு ஒரு பிளாஸ்டிக் கோப்பை உருளும் சத்தம்.

“பூனையாட்டு இருக்கும்” என்றான் ஜெயன்.

பூனை அவ்வளவு கனமாக விழாது. சுமி போய்க் குளியலறைக் கதவைத் தள்ளினாள். பாதி திறந்தது. மீதிக்கு எதுவோ தடுத்தது. ஒரு கால். அவள் பக்கவாட்டில் நுழைந்து விளக்கைப் போட்டாள்.

தரையில் ஜெயன் கிடந்தான்.

தலை பக்கெட்டில் சாய்ந்திருந்தது. தொண்டையில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை. அதிலிருந்து ரத்தம் விட்டு விட்டுப் பொங்கி மார்பில் வழிந்து, தண்ணீரோடு கலந்து, தண்ணீர் போகும் துளையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காதுக்குக் கீழே அந்த மச்சம். கழுத்துச் சங்கிலியில், அவள் அம்மா போட்ட சின்னச் சிலுவை. அவன் கண்கள் அவளையே பார்த்தன. உதடுகள் குவிந்தன. சு. அதற்குமேல் காற்றுதான் வந்தது.

அவள் மண்டியிட்டு இரண்டு கையாலும் அந்த ஓட்டையை அமுக்கினாள். சூடு. விரல்களின் இடையில் துடிப்பு. மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றுபோனது.

படுக்கையறையிலிருந்து அவன் குரல் கேட்டது. “நாசமாப் போக! செத்துட்டான் சுமி. சரி, இருபத்தேழு.”

அப்போதுதான் அவள் அலறினாள்.

ஜெயன் ஓடி வந்தான். குளியலறை வாசலில் நின்று பார்த்தான். சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தான். “இது... இது நானாக்கும்” என்றான்.

“போலீசுக்கு விளிங்க.”

“என்ன சொல்லி விளிக்க? நான் செத்துக் கிடக்கேன்னா?”

அவள் போனை எடுத்தாள். ரத்தக் கையில் அது நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கும்போது வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

கதவு திறந்தது. வெறுங்கால். நனைந்த சட்டை. கையில் வெட்டுக்கத்தி. ஜெயன்.

வாசலைத் தாண்டி ஒரு கால் தூக்கியபடி அவன் அப்படியே நின்றுவிட்டான். தூக்கிய கால் கீழே இறங்கவில்லை. தலைமுடியிலிருந்து மழைநீர் சொட்டியது. நெஞ்சு ஏறி இறங்கியது. கண்கள் மட்டும் அசைந்தன. சுமியைப் பார்த்தன, கீழே கிடந்தவனைப் பார்த்தன, மறுபடி சுமியைப் பார்த்தன. அந்தக் கண்கள் அவளிடம் கெஞ்சின.

“நான் கீபோர்டுல இருந்து கையெடுத்ததுனால நிக்குறான்” என்று ஜெயன் கிசுகிசுத்தான். “வாசல் வரைக்கும் தன்னால வருவான். அப்புறம் நான் அமுக்கினாத்தான் நடப்பான்.”

இருவரும் சுவரோடு ஒட்டி, அவன் மூச்சு மேலே படுகிற தூரத்தில் அவனைக் கடந்து, படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். தாழ்ப்பாள் போன மழைக்காலத்திலேயே துருப்பிடித்து உடைந்திருந்தது. திரையில் இவர்கள் வீட்டுக் கூடம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. வாசலருகே கத்தியோடு ஒருவன். உள்ளறையில் இரண்டு பேர். மேலே எழுத்து: கடைசி அறை.

“தொடாதீங்க. ஒண்ணையும் தொடாதீங்க. வயரப் பிடுங்குங்க.”

“பிடுங்கினா அவன் என்ன ஆவான்னு தெரியல்லயே சுமி.”

“பிடுங்குங்க!”

அவன் பிடுங்கினான்.

திரை அணைந்தது. மெட்டு நின்றது. மழை மட்டும்.

கூடத்தில் தூக்கியிருந்த கால் தரையில் பதிந்தது. சப். இன்னொரு கால். சப்.

ஜெயன் கதவில் முதுகை வைத்து அழுத்தி நின்றான். மரத்தைப் பிளந்துகொண்டு கத்தி அவன் தோளில் இறங்கியது. அவன் முன்னால் விழுந்தான். கதவு திறந்தது. இரண்டாவது வெட்டைக் கையால் தடுத்தான். விரல்கள் தரையில் சிதறின. வெட்டுகிறவன் அழுதுகொண்டே வெட்டினான். “நான் இல்ல சுமி. கை தன்னால போகுது. நான் இல்ல.” மூன்றாவது கழுத்தில். நாலாவதும் அங்கேயே.

சுமி அடுக்களைக்கு ஓடித் தோசைக்கல்லோடு திரும்பினாள். அவன் பின்மண்டையில் அடித்தாள். எலும்பு உடையும் சத்தம் கேட்டது. மறுபடி அடித்தாள். அவன் விலகவில்லை, தலையைக் காட்டிக்கொண்டு நின்றான். இன்னும் ஒன்று. அவன் ஜெயன் மேலேயே குப்புற விழுந்தான்.

இரண்டு முதுகுகள். ஒரே முடி. ஒரே சட்டை. எவனைப் புரட்டி மடியில் எடுத்து அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தோசைக்கல் கையிலிருந்து விழுந்தது.

வயர் இல்லாத திரை வெளிச்சமானது.

மேலே கேமராவின் சிறு விளக்கு பச்சையாக எரிந்தது. அவளைப் பார்த்தது. திரையில் ஒவ்வொரு கட்டமாக நெற்றி வந்தது. புருவம். மூக்குத்தி. ரத்தம் தெறித்த கன்னம். கீழே எழுத்து: சுமி 1.

மேசைமேல் ஒரு விசை தானாக அமுங்கியது.

அவள் குனிந்தாள். குனிய அவள் நினைக்கவில்லை. செத்தவன் கையிலிருந்த வெட்டுக்கத்தியை அவள் விரல்கள் எடுத்துக்கொண்டன. நிமிர்ந்தாள். திரும்பினாள். ஒரு கால். மறு கால். கத்த வாயைத் திறக்கப் பார்த்தாள். வாய் அவளுடையதாக இல்லை.

அழைப்புமணி அடித்தது.

“ஏட்டி சுமி! என்னட்டி சத்தம்? கதவு வேற திறந்து கெடக்கு?”

எதிர்வீட்டு கௌசல்யா அக்கா. தென்காசிக்காரி. சுமி காய்ச்சலில் கிடந்த ஒரு வாரமும் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள்.

போயிரு அக்கா. போயிரு. போயிரு.

கால்கள் கூடத்தைக் கடந்தன. கத்தி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வாசலில் கௌசல்யா மாவு ஒட்டிய கையோடு நின்றாள். சுமியின் முகத்திலும் சேலையிலும் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் அவள் முகம் கலங்கிப்போனது.

“ஐயோ, எங்கட்டி வெட்டுப்பட்டுச்சு? யாரு செஞ்சது? பயப்படாத, அக்கா வந்துட்டேன்லா.”

சுமியின் கண்களிலிருந்து நீர் கொட்டியது. கௌசல்யா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவளை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

சுமியின் வலது கை மேலே எழுந்தது.