பகலில் சாத்திய கதவு

மலேசியாவில் பெடாஸ் ஊர்ப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் முன்கதவைத் தட்டுகிறவர்கள் குறைவு. கல்யாணப் பத்திரிகை கொண்டு வருபவர் தட்டுவார். தேவாலயத்துப் பாதிரியார் தட்டுவார். மற்ற எல்லாருக்கும் பின்கதவுதான். விடிந்ததும் அது திறக்கும், இருட்டினால்தான் சாத்தப்படும்.

அந்தப் பின்கதவுக்கு நேராகத்தான் ஃபெலிசியாவின் அம்மா பெட்ரிசியா வேலை பார்த்தார். அடுப்படி மேசையில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் மடிக்கணினி. காதில் ஹெட்போன். கோலாலம்பூரில் உள்ள ஒரு கிளினிக்குக்கு வரும் அழைப்புகளுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலை.

அப்பா எட்மண்டுக்கும் வீட்டில்தான் வேலை. அவர் அறையில் இருந்தார். அறைக்குக் கதவு உண்டு. இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. முதல் நாள் அப்பா அறைக்குப் போனார், அம்மா அடுப்படிக்குப் போனார். அவ்வளவுதான்.

ஒரு நாள் அம்மா பேசிக்கொண்டிருந்தபோது மீன்காரரின் மோட்டார் சைக்கிள் பின்வாசலில் ஹார்ன் அடித்தது. இரவுச் சாப்பாட்டின்போது அம்மா சொன்னார்.

"மேனேஜர் கோவமா இருக்காங்க. இன்னொரு தடவ சத்தம் கேட்டா தினமும் கே.எல். ஆபீசுக்கு வரணுமாம். அவ்ளோ தூரம் எப்படிங்க போய் வர்றது? வேலைய விட வேண்டியதுதான்."

"கொஞ்சம் சமாளி லா," என்றார் அப்பா.

ஃபெலிசியா தட்டைத் தள்ளி வைத்தாள். அம்மாவுக்கு அந்த வேலை பிடிக்கும். பயந்துபோய்ப் பேசுகிறவர்களிடம் அவர் எவ்வளவு பொறுமையாகப் பேசுவார் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் பள்ளி விடுமுறை. ஃபெலிசியா ஓர் இடத்தில் உட்காரவில்லை. அறைவாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். அம்மா பேச ஆரம்பித்ததும் மெல்லப் போய்ப் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

வீடு அமைதியானது. இது ஏன் முன்பே தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

தட் தட் தட்.

"பெட்ரிசியா, உடம்புக்கு என்னம்மா? பகல்ல கதவு சாத்தியிருக்கே." பக்கத்து வீட்டு மாரியம்மா ஆண்ட்டியின் குரல். "யாராச்சும் வாங்க, உள்ள சத்தமே இல்ல."

"ஒடச்சிடலாமா ஆண்ட்டி?" இது கேஸ் கொண்டு வரும் கணேசமூர்த்தி.

"இரு லா, மொதல்ல சன்னல்ல பாரு."

ஃபெலிசியா கதவைத் திறப்பதற்குள் வரிசை வீடுகளில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் கையில் சுடுதண்ணீர் பிளாஸ்க் வேறு. அம்மா ஹெட்போன் மைக்கைப் பொத்திக்கொண்டு கண்களை மூடினார்.

சற்று நேரத்தில் மேனேஜரின் செய்தி வந்தது. மதியம் அம்மா பேசுவதை அவரும் கூடவே கேட்கப் போகிறாராம்.

அம்மா ஃபெலிசியாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவள் அப்பாவின் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அப்பா கணினியில் ஏதோ கோடுகள் வரைந்துகொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது. வேறு சத்தமே இல்லை.

"அப்பா, நீங்க பேசவே மாட்டீங்களா?"

"என் வேலைக்கு வாய் வேணாம்மா. கட்டடப் படம் வரையணும். கண்ணும் கையும் போதும்."

"சத்தம் கேட்டா?"

"கேட்டா என்ன? நானே பாட்டுப் போட்டுட்டுத்தானே வரையுறேன்."

ஃபெலிசியா திரும்பி அறைக்கதவைப் பார்த்தாள்.

"அப்புறம் எதுக்குப்பா உங்களுக்குக் கதவு?"

அப்பாவின் கை நின்றது. கதவைப் பார்த்தார். பின்பு மெல்லச் சொன்னார்: "நான் அடுப்படில உக்காந்தா மாரியம்மா அக்கா சிரிக்கப் போறாங்க."

"சிரிச்சா படம் கோணலாயிடுமா?"

அப்பா எழுந்தார். கணினியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார்.

மதியம் அம்மா அறைக்குள் இருந்தார். கதவு மூடியிருந்தது. அடுப்படியில் அம்மாவின் பிளாஸ்டிக் முக்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். பின்கதவு எப்போதும்போல் திறந்திருந்தது. ஃபெலிசியா நகத்தைக் கடித்தாள்.

கையில் முருங்கைக்கீரையோடு மாரியம்மா ஆண்ட்டி வந்தார்.

"என்ன தம்பி, நீங்க இங்க? பெட்ரிசியா எங்க?"

"வேலைக்குப் போயிருக்காங்க அக்கா."

"எங்க, நீலாய் டவுனுக்கா?"

"ரூமுக்கு."

ஆண்ட்டி சிரிக்கத்தான் சிரித்தார். "அப்ப இந்தக் கீரைய யாரு ஆயுறது?"

அப்பா கீரைக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "குடுங்க. என் பக்கம் சத்தம் கேக்க மேனேஜர் யாரும் இல்ல."

கேஸ் வந்தது. மீன்காரர் ஹார்ன் அடித்தார். குக்கர் விசில் அடித்தபோது அப்பா துள்ளி எழுந்தார். அடுப்பை எந்தப் பக்கம் திருகுவது என்று ஃபெலிசியாதான் காட்டினாள். அறைக்கதவு மட்டும் அசையவில்லை.

கடைசியில் அது திறந்தது. அம்மா ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நின்றார்.

"எந்த ஆபீஸ்ல இருந்து பேசுறீங்கன்னு மேனேஜரே கேட்டாங்க," என்றார். "வீடுதான்னு சொன்னேன். அப்ப அங்கயே இருங்கன்னுட்டாங்க."

ஃபெலிசியா மூச்சு விட்டாள். அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முக்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுலயா இத்தன மாசம் உக்காந்திருந்த?"

அடுத்த அழைப்பு வந்தது. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் அப்பா பக்கத்து டவுன் ரெம்பாவுக்குப் போய், அடுப்படியில் தனக்கென்று முதுகு சாய்க்க வசதியான ஒரு நாற்காலி வாங்கி வந்தார். அதைக் காரிலிருந்து அடுப்படிக்குத் தூக்கி வந்தவள் ஃபெலிசியா. உதவிக்கு யாரையும் அவள் விடவில்லை.