பிந்திய நேரம் செல்லும்

அவள் தங்கையின் மருத்துவப் பதிவில் ‘மரணம், மாலை 4.10’ என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி 3.45.

அந்த மருத்துவமனையின் பதிவுகள் மூன்று ஊர்களில் மூன்று பிரதிகளாக இருந்தன. அவற்றைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதிகளும் கலந்து பேசி ஒத்துப்போகட்டும் என்றால் டாக்டர்கள் திரை முன்னால் தவம் கிடக்க வேண்டியதுதான். அதனால் போன வருடம் அவளே ஒரு விதி வைத்தாள்: யாரையும் கேட்காமல் எழுதிக்கொள், முரண்பட்டால் பிந்திய நேரம் போட்ட பதிவு நிற்கும். வேகம் பறந்தது. மேனேஜர் கைகுலுக்கினார்.

பிரதி இருக்கும் ஏதோ ஒரு சர்வரின் கடிகாரம் முந்தி ஓடுகிறது என்று நினைத்தாள். இருந்தாலும் மனசு கேட்காமல், ஆபரேஷன் முடிந்து வார்டில் இருந்த தங்கைக்குப் போன் போட்டாள்.

“நல்லாத்தான் இருக்கேன்க்கா. தையல்தான் அரிக்குது. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“சும்மாதான் கேட்டேன். தூங்கு.”

பதிவை ‘நலம், 3.50’ என்று திருத்தினாள். கண்ணெதிரே அது அழிந்து, மறுபடி ‘மரணம், 4.10’. பிந்திய நேரம். அவள் விதியேதான். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலி. மூன்று சர்வர்களின் கடிகாரங்களும் நொடி பிசகாமல் ஓடின.

சர்வர் அறையின் குளிர்காற்றும் இரைச்சலும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் தினமும் இருப்பவைதான். ஆனால் எப்போதும் தாறுமாறாகச் சிமிட்டும் பச்சை விளக்குகள் இன்று வரிசை முழுக்க ஒன்றாக அணைந்து, ஒன்றாக எரிந்து, யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தன. பயந்தாள். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

“என் இடத்துக்கே வந்து எங்கிட்டயே வாலாட்டுறியா?”

கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்து எழுதினாள். நலம், 4.11.

மரணம், 4.12.

நலம், 4.30.

மரணம், 4.31.

“சரி. இதுக்கு மேல எழுதிப் பாரு.”

அந்த அமைப்புக்குத் தெரிந்த கடைசி வருடத்தின் கடைசி நொடியைப் போட்டாள். அதற்குப் பிந்திய நேரம் கிடையாது. நலம்.

விளக்குகள் சிமிட்டாமல் நின்றன. பதிவு அசையவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஐந்து மணிக்கு நர்ஸ் போனில் கூப்பிட்டாள்.

“நாலு முப்பத்தொண்ணுக்கு உங்க தங்கச்சிக்கு இதயம் நின்னுடுச்சு மேடம். டாக்டர் பாத்துட்டார். உடம்பு சில்லுனு ஆயிடுச்சு.”

“அப்புறம்?”

“எழுந்து உக்காந்து செருப்பைத் தேடுறாங்க.”

திரையில் நலம். இனி அதை அவளாலும் மாற்ற முடியாது.

“செருப்பை எடுத்துக் குடுங்க,” என்றாள். “எங்கிட்டயே வரட்டும்.”

போன் கை மாறியது. மறுமுனையில் மூச்சுச் சத்தமே இல்லை.

“அக்கா,” என்றது. “அக்கா. அக்கா. அக்கா.”