தவிட்டாயி

பசி வயிற்றோடு நிற்கும் வரைக்கும்தான் பசி. முதுகெலும்பில் ஏறிவிட்டால் அது வலி. வெண்குன்றக் கோட்டை மதிலுக்குக் கல் சுமந்த பெண்களுக்கு அந்த அந்தி வேளையில் அப்படித்தான் வலித்தது, வாசகர்களே! கீழே பெண்ணையாறு செவ்வானத்தை மேனியெல்லாம் பூசிக்கொண்டு அசைவற்றுக் கிடக்க, அதன் கரை நெடுகிலும் முற்றுகையிட்டிருந்த பகைவனின் பாசறையில் சோறு கொதிக்கும் மணம் எழுந்து, மதில் தாண்டி வந்து, உள்ளே அடைபட்டவர்களை ஈட்டியைவிடக் கொடுமையாகக் குத்திற்று. கோட்டைக்குள் நெல் தீர்ந்து, குதிரைகளையும் தின்று தீர்த்தாகிவிட்டது.

சபாமண்டபத்தில் அரையர் குன்றமுடையார் பகைவனின் தூதன் மல்லன்முன் தலை கவிழ்ந்து நின்றார்.

"திருமகளை எங்கள் வேந்தருக்குத் தாரை வார்த்துத் தாருங்கள். முற்றுகை விலகும். திருமகளின் வயிற்றுப் பிள்ளைக்கே இக்கோட்டை" என்றான் மல்லன்.

அவ்வேந்தனுக்குப் பல் விழுந்து பல காலம். தூணருகே நின்ற இளவரசி உலகநங்கை வாயிலைப் பார்த்தாள். வாள் பிடித்த காவலர். அவர்களுக்கு அப்பால் மதில். மதிலுக்கு அப்பால் பகைவர். போக்கிடமில்லை.

"செம்பு கொண்டு வாருங்கள்" என்றார் அரையர், மகள் முகத்தைப் பாராமலே.

"செம்பைக் கீழே வையுங்கள், சாமி!"

தலைச் சும்மாட்டை எடுக்காமலே உள்ளே வந்தாள், கல் சுமக்கும் கொற்றி.

"யாரடி நீ?" என்று சீறினான் மல்லன்.

"இவளுக்குப் பேர் வைத்தவள். உலகநங்கை என்பது அரண்மனை கூப்பிடுகிற பேர். இவள் பேர் தவிட்டாயி."

அரையரின் முகம் வெளுத்தது. அரசி பெற்ற மகவெல்லாம் தொட்டிலிலேயே மடிந்தபோது, கடைசியாய்ப் பிறந்த இவளைக் கொற்றியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிட்டு, அரண்மனையிலேயே வளர்த்தார்கள். தவிட்டு விலைக்குப் போனதை எமனும் சீந்தமாட்டான் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. வாங்கியவள் வைத்த பேரில் உயிர் தங்கும். ஆனால் மணத்துக்கு முன், பெற்ற வீட்டு உரலில் குத்திய தவிட்டை அதே முறத்தளவு கொடுத்து மீட்க வேண்டும். மீட்காத பெண்ணைத் தாரை வார்க்கத் தகப்பனுக்கு உரிமையில்லை. களஞ்சியம் நிறைந்திருந்த காலத்தில் அரையர் அதை மறந்தே போனார்.

மல்லன் சிரித்தான். "எங்கள் பாசறையில் மூட்டை மூட்டையாய் இருக்கிறது தவிடு!"

"உன் குதிரைக்குப் போடு. பெற்ற வீட்டு உரல் தவிடுதான் செல்லும்."

"பொன் தருகிறேன், கொற்றி" என்றார் அரையர்.

"பொன்னைப் பொங்கித் தின்ன முடிந்தால் ஊர் ஏன் சாமி சாகிறது?"

செல்லாத தாரையால் கோட்டை கைக்கு வராது என்பது மல்லனுக்குத் தெரியும். "அப்படியானால் பட்டினி கிடந்தே சாகுங்கள்!" என்று மேலாடையை உதறிக்கொண்டு வெளியேறினான்.

உலகநங்கை கொற்றியின் அருகே வந்தாள். "என்னால் ஊர் சாகட்டும் என்கிறாயா, அம்மா?"

"உன்னைக் கொடுத்தாலும் நாளைக்கு அவன் மதிலுக்குக் கல் சுமப்போம். எங்கள் தலைக்கு மேல் ஆள்கிறவன்தான் மாறுவான், கல் மாறாது."

இளவரசி சிலம்பைக் கழற்றித் தந்தையின் காலடியில் வைத்தாள். "மீட்கும்வரை நான் தவிட்டாயி. இது ஆணை!" என்றாள். பட்டு மேலாடையைச் சும்மாடாய்ச் சுருட்டிக்கொண்டு கொற்றியின் பின்னே மதிலேறினாள்.

கோட்டைக் கதவு திறக்கவில்லை. உள்ளே உரல்கள் காய்ந்து கிடந்தன. வெண்குன்றத்து அரையர் கல் சுமக்கும் கொற்றிக்கு ஒரு முறம் தவிடு பாக்கி.