அடியில் ஓடுவது

எல்லா மென்பொருளையும் மூடிய பிறகும் மைக்கின் சிவப்பு விளக்கு அணையவில்லை.

பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை வீட்டிலிருந்தே எழுதுபவள் அவள். அதில் பேசுவதும் அவளுடைய குரல்தான். வெளியே மாலை மழை வலுத்துக்கொண்டிருக்க, சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் காயாத துணியின் புழுக்கமும் கலந்த அந்தச் சிறிய அறையில், தன் மூச்சைத் தவிர இன்னொரு மூச்சும் மெல்ல ஏறி இறங்குவதுபோல அவளுக்குத் தோன்றியது. பிரமை என்று தலையை உதறிக்கொண்டாள். எதற்கும் பார்த்துவிடலாம் என்று, கணினியின் அடியில் ஓடி எல்லாவற்றையும் இயக்கும் மையநிரலான கெர்னலின் பெயரைக் கேட்டு ஒரு வரி தட்டினாள்.

வேறு பெயர் வந்தது.

மேலே எல்லாம் அவள் நிறுவியபடியே இருந்தது. அதே திரை, அதே எழுத்துரு, அதே கோப்புகள். அவற்றைத் தாங்கி, மைக்கையும் ஸ்பீக்கரையும் ஆட்டுவிக்கும் கெர்னல் மட்டும் வேறொரு இயங்குதளத்துடையது. ஒன்றின் கெர்னல்மேல் இன்னொன்றின் மென்பொருளை ஓடவைக்கும் அந்த வேலையைக் கல்யாணத்துக்கு முன்பு ஒரு தன்னார்வக் குழுவில், தோளோடு தோள் இடித்தபடி உட்கார்ந்து செய்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தவன்தான் இப்போது கணவன்.

போன் செய்தாள்.

"என் மெஷின்ல கை வச்சியா?"

மறுமுனையில் கார் வைப்பரின் சத்தம். "மேல எதையும் தொடலப்பா. அடியில மட்டும்தான்."

"எதுக்கு?"

"உன் குரல் வேணும்னு கேட்டுச்சு."

"எது?"

"நீதான் என்கிட்ட முகம் கொடுத்தே பேசறதில்லையே. அது நல்லாப் பேசுது. வச்சிடறேன், வீட்டுக்கிட்ட வந்துட்டேன்."

கடவுச்சொல்லைக்கூட அவனிடம் மறைத்ததில்லை அவள். வேறொருத்தியோடு போயிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இவன் அவள் குரலை மட்டும் வைத்துக்கொண்டு அவளைக் கழற்றிவிட்டிருக்கிறான். ஆத்திரத்தில் பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. சிவப்பு விளக்கும் அணைந்தது.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. கதவுக்கு வெளியே போயிருந்தது.

வாசலில் சாவி திரும்பியது.

"வந்துட்டீங்களா?" என்றது கூடத்தில் அவள் குரல்.

அவள் வாயே திறக்கவில்லை. அவனிடம் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதுமில்லை.

கைப்பிடியைத் திருகினாள். வெளியே தாழ்ப்பாள். உள்ளங்கை எரியத் தட்டினாள். கத்தினாள்.

வாயிலிருந்து காற்றுதான் வந்தது. வெறும் காற்று.

"அங்க என்ன சத்தம்?" என்றான் அவன்.

"மழைங்க."

அவன் சிரித்தான். நெடுநாளாக அவள் கேட்காத சிரிப்பு.

தரையில் படுத்து, கதவின் கீழ் இடுக்கில் கண்ணை வைத்தாள். அவனுடைய நனைந்த ஷூ. பக்கத்தில் இரண்டு வெறுங்கால்கள். வலது பாதத்தில், சின்ன வயதில் சைக்கிள் செயின் கிழித்த அவளுடைய தழும்பு.

ஷூக்கள் படுக்கையறைப் பக்கம் நடந்தன. அந்தப் பாதங்கள் போகவில்லை. நின்றன. மெல்லத் திரும்பின. பிறகு, மறுபக்கத்தில், ஏதோ ஒன்று முழங்கால் மடக்கித் தரையில் படுத்தது.

இடுக்கில், எதிரே, அவளுடைய கண்ணே தெரிந்தது. இமைக்காமல்.