நாக்கில் நனையாத நூல்

ஊசியில் கோர்ப்பதற்காக நாக்கில் வைத்து எடுத்த நூல் நனையவே இல்லை. தையல்காரி மறுபடியும் வைத்துப் பார்த்தாள். நுனி பிசிறு பிசிறாகவே நின்றது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்; அவள் அப்படிப் பிழைத்தவள்தான். சட்டை இறுக்குகிறது என்று வருபவளிடம், நீ பெருத்ததற்கு நானா பொறுப்பு என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். வீட்டில் கணவனோடும் மகளோடும் சண்டை போடாத நாள் கிடையாது. சில வாரங்களாகத்தான் சாப்பாடு தொண்டையில் அடைத்தது, நாக்கு எரிந்தது, பகலிலேயே கண் சொருகியது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

யாரிடமும் சொல்லாமல் டாக்டரிடம் போனாள்.

“தண்ணி குறைஞ்சா, வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கினா, சர்க்கரை இருந்தா வாய் வறளும். உங்களுக்குச் சர்க்கரை இல்ல,” என்றார் அவர். “நிறையப் பேருக்கு மாத்திரைதான் காரணம். தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை... நீங்க என்ன சாப்பிடறீங்க?”

“ஒண்ணுமே இல்லீங்க டாக்டர்.”

“விழுங்க முடியாம, நாக்கு எரியற வரைக்கும் விட்டிருக்கக் கூடாதும்மா. நல்லா யோசிங்க. வேற யாராவது ஏதாவது குடுக்கறாங்களா?”

பால். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காத கணவன், கொஞ்ச நாளாகச் சாயங்காலம் பால் காய்ச்சித் தருகிறான். இப்போதாவது புத்தி வந்ததே என்று அவள் பூரித்துப் போயிருந்தாள்.

வீடு திரும்பியபோது மழை இருட்டு கவிந்திருந்தது. பால் காயும் வாசனையும், அதற்கு அடியில் கரண்டியின் பின்பக்கத்தால் எதையோ கிண்ணத்தில் நசுக்கித் தேய்க்கும் நறநறப்பும், கூடத்து மின்விசிறியின் கிரீச்சொலியோடு கலந்து வாசல்வரை வந்தன. அடுப்பங்கரைச் சுவரில் கணவனின் நிழல் குனிந்து குனிந்து நிமிர்ந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் மகளின் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

“உங்கப்பா எனக்குப் பால்ல எதையோ கலந்து குடுக்கறாருடி. வா, போயிடலாம்.”

மகள் திடுக்கிடவில்லை.

“கசந்திருக்கும்மா. இன்னிக்குச் சர்க்கரை தூக்கலாப் போடச் சொல்லியிருக்கேன்,” என்றாள். “நீ சண்டை போடாம வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?”

கணவன் செய்தது வலித்தது. ஆனால் இவள், அவளே வயிற்றில் சுமந்து பெற்ற மகள்.

மகள் தாழ்ப்பாளை விலக்கினாள். அறை வாசலில் கணவன். கையில் ஆவி பறக்கும் தம்ளர்.

கத்த வேண்டும். தெருவே திரும்பிப் பார்க்கக் கத்த வேண்டும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது.

“சூடு ஆறட்டும்ப்பா, பாவம்,” என்றாள் மகள்.

ஊதி ஊதி ஆற்றினார்கள். இருவரும். பிறகு மகளின் விரல்கள் அவள் தாடையைப் பிடித்து, ஒட்டிக்கிடந்த உதடுகளை மெல்லப் பிரித்தன.